பூட்டுப் படம்

அதிராம்பட்டினத்துத் தஹ்மீனா பத்து வருடம் சென்னையில் சர்வர் கணினிகளைப் பராமரித்தவள். ஊர்ப்பக்கமே இருக்கலாம் என்று தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். முடிவுகள் எல்லாம் அங்கே ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கும். பாபநாசம் போன்ற கிளைகள் இணையம் வழியாக எடுத்து அச்சடித்துக் கொடுக்கும்.

மூன்றாம் நாள், கிளைகள் உள்நுழையும் பக்கத்தில் இருந்த பச்சைப் பூட்டை அழுத்திப் பார்த்தாள். அது வெறும் படம். மேலே பிரவுசர் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டிக்கொண்டே இருந்தது. முன்பு வெப் சர்வரைக் கம்பைல் செய்து நிறுவிய கான்ட்ராக்டர், தகவலை வெளியார் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் என்கிரிப்ஷனுக்கான பகுதியையே சேர்க்கவில்லை. நோயாளியின் பெயர், வயது, சர்க்கரை, கர்ப்பம், காசநோய் எல்லாம் பச்சையாக வெளியே போய்க்கொண்டிருந்தன.

தெரியாமல் செய்திருப்பான் என்றுதான் நினைத்தாள். சர்வரில் கிடந்த பழைய மெயில்களைப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் பாபநாசம் டீக்கடைக்காரர் தங்கையன் எழுதிய புகார் அதில் இருந்தது. தனக்குக் காசநோய் என்பது ரிப்போர்ட் கைக்கு வருமுன்பே கடைத்தெரு முழுக்கத் தெரிந்தது எப்படி என்று கேட்டிருந்தார். அதற்கு அந்தக் கான்ட்ராக்டர், நிலையத்தின் முதலாளி ரெத்தினத்துக்கு எழுதிய விளக்கம்: “பாபநாசத்துக்கு நெட் குடுக்கற கேபிள் ஆபீஸ்ல யாரோ பாத்துட்டு வெளில சொல்லிருக்காங்க சார். என்கிரிப்ஷன் சேத்தா எரர் வருது, எடுத்துட்டேன். பூட்டுப் படம் ஒண்ணு போட்டாச்சு. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க.”

அதற்கு ரெத்தினத்தின் பதில் ஒரே சொல்: “குட்.”

மறுநாள் காலையே வேலையைத் தொடங்கினாள். அவன் சொன்ன எரர் அவளுக்கும் வந்தது. என்கிரிப்ஷனுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி இருந்தது. கம்பைலுக்குத் தேவையான ஹெடர் கோப்புகள்தான் இல்லை. அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியது. அந்த அரை மணிக்குச் சோம்பித்தான் ஒரு மனுஷனைத் தெருவில் நிறுத்தியிருக்கிறான். இருந்த லைப்ரரியும் பழசு என்பதால் புதியதன் மூலநிரலை இறக்கி, அதோடு சேர்த்து வெப் சர்வரை முதலிலிருந்து கம்பைல் செய்தாள். பாதுகாப்புச் சான்றிதழ் வைத்து, என்கிரிப்ஷன் இல்லாத பழைய வழியை அடைத்து, மதியத்துக்குள் முடித்தாள். முடித்தும் நிம்மதி இல்லை. அடுத்தவன் அசிங்கத்தை அள்ளிய கையாகத் தன் கை அவளுக்குத் தோன்றியது.

ரெத்தினத்திடம் போனாள். “தங்கையன்கிட்ட நடந்ததைச் சொல்லி மன்னிப்பு கேக்கணும் சார்.”

“அதான் சரி பண்ணிட்டீங்களே. பழசை ஏம்மா கிளறணும்? அந்தாளு மறந்திருப்பாரு.”

“மறந்துட்டாருன்னு யார் சொன்னா?”

“இது உங்க வேலை இல்ல.”

பேசிக்கொண்டே அவர் பல்லிடுக்கைக் குத்திக்கொண்டிருந்தார். அந்த முகத்தைத் தினமும் பார்க்க முடியாது என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு பாபநாசம் பஸ் ஏறினாள்.

தங்கையன் இப்போது குணமாகியிருந்தார். கடையில் இரண்டே பேர். அவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைத்தார்.

“டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனது என் தம்பிம்மா. அவனுக்கு மட்டுந்தான் தெரியும். அவன்தான் சொல்லிட்டான்னு நெனச்சேன். செருப்பால அடிச்சேன், கடைவாசல்ல வச்சு. ரெண்டு வருஷமா பேச்சில்ல.”

தஹ்மீனா பெஞ்சை விட்டு எழுந்தாள்.

“அம்மா மேல சத்தியம் பண்ணான் அவன். அப்பவும் நம்பல,” என்றார். பிறகு அடுப்பை அணைத்தார். “எங்கிட்ட சொன்னத அவன்கிட்டயும் வந்து சொல்றீங்களா? எனக்குச் சொல்ல வாய் வராது.”

“வாங்கண்ணே, போவோம்.”

வாய்க்கால் தாண்டி மூன்றாவது வீடு. வாசலில் நடவுக்கூலி ஆட்களோடு பேசிக்கொண்டிருந்த தம்பி, அண்ணனைக் கண்டதும் எழுந்து நின்றான். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. தஹ்மீனா நின்றபடியே சொல்லி முடித்தாள்.

தம்பி அண்ணன் பக்கம் திரும்பாமல் அவளிடம் மட்டும் கேட்டான்: “என்னைச் செருப்படி பட வச்சிட்டு அந்தப் படம் போட்டவன் பேரு என்னங்க?”

மெயிலில் இருந்த பெயரை அவள் சொன்னாள்.