ஓம், நான்தான் கை தூக்கினது

பிலோமினா அக்கா இறந்த செய்தி, வெம்பிளியில் ஒரு மரக்கறிக் கடைக்குள் நின்றபோது எனக்கு வந்தது. அவருடைய மகள் அனிற்றா அழைத்திருந்தாள். "அன்ரி, அம்மா மோசம் போயிட்டா" என்றாள். புற்றுநோய் முற்றிப் பராமரிப்பு இல்லத்தில் இருந்தவர், எதிர்பார்த்த செய்திதான். இருந்தாலும் கையிலிருந்த கத்தரிக்காய்ப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். என் முகத்தைக் கண்ட கடைக்காரர் "ஆர் பிள்ளை போனில?" என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த ஸ்னோ கவுன்சிலரோ?" என்றவர், "நல்ல மனுசிதான். தேவையில்லாமல் வாயைக் குடுத்துக் கெட்டுப்போனவ" என்றார்.

எங்கள் ஆட்களில் பலர் அவரைப் பற்றி அறிந்தது இவ்வளவுதான். அவர் எந்த இடத்தில், யாருக்கு முன்னால் வாயைக் கொடுத்தார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர் அவர். பல வருடங்கள் ஒரு பஸ் டிப்போவின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பிறகு எங்கள் வட்டாரத்திலிருந்து நகரசபையான கவுன்சிலுக்குத் தெரிவானார். கவுன்சில் தலைவரோடு உட்கார்ந்து முடிவெடுக்கும் சிறு குழுவிலும் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. அம்மன் கோயில் தேருக்கும் வருவார், மாதா கோயில் திருநாளுக்கும் வருவார். நான் அவருக்கு வாக்களித்தவள். அதற்கு மேல் பழக்கம் இருக்கவில்லை.

நான் இருப்பது வட லண்டனில், ஒரு ஏற்றத்தின் உச்சியில் நிற்கும் கவுன்சில் மாடிக் கட்டடத்தில். அந்தக் குளிர்காலத்தில் பனிப்புயல் வந்தபோது முதல் நாள் பிள்ளைகள் யன்னலில் முகத்தை வைத்துச் சந்தோசப்பட்டார்கள். அடுத்த நாள், கொட்டியதெல்லாம் கல்லாக இறுகியது. கட்டடம் முழுவதையும் சூடாக்கும் பொதுவான பொயிலர் நின்றுபோனது. பின்னாலேயே லிப்டும் நின்றது. கவுன்சிலின் அவசர எண்ணை அழைத்தால், பதிவு செய்த ஒரு பெண்குரல் எங்கள் பொறுமைக்கு நன்றி சொன்னது. கீழ்த்தளத்தில் தனி ஹீற்றர்களோடு ஒரு பொது மண்டபம் இருந்தது. அது பூட்டிக் கிடந்தது.

என் பக்கத்து வீட்டில் ஜாய்ஸ் என்ற முதிய பெண்மணி தனியாக இருந்தார். ஜமைக்காவிலிருந்து வந்து, மருத்துவமனைச் சமையலறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். காலையில் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. என்னிடம் இருந்த மாற்றுத் திறப்பால் திறந்தேன். அவர் கோட்டைப் போட்டபடி கட்டிலில் கிடந்தார். உதடுகள் நீலமாக இருந்தன. என்னைத் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அம்புலன்ஸ் வந்தது. ஆனால் ஏற்றத்தின் அடியோடு நின்றுவிட்டது. சில்லுகள் சுழன்றனவே தவிர வண்டி மேலே வரவில்லை. அம்புலன்ஸ்காரர்கள் இருவரும் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார்கள். என் கணவர் சிவாவும் மேல்மாடிப் போலந்துக்காரரும் அவர்களோடு சேர்ந்து, ஜாய்ஸைச் சாப்பாட்டுக் கதிரையில் வைத்துக் கட்டிப் படிகளால் இறக்கினார்கள். ஏற்றத்தில் இறங்கும்போது சிவா வழுக்கி விழுந்தார், கதிரை சாய்ந்தது. பிறகு ஜாய்ஸைக் கம்பளியில் கிடத்தி, பனிக்கு மேலாக இழுத்துக்கொண்டு போனோம். நான் அவருடைய தலையைப் பிடித்திருந்தேன். பாதி வழியில் அவர் முனகுவது நின்றது. கீழே அம்புலன்ஸுக்குள் வைத்து நெடுநேரம் முயன்றார்கள். கடைசியில் ஒருவர் இறங்கி வந்து, எங்களைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார். நடுப்பகல். நல்ல வெயில் வேறு அடித்தது.

அன்றைக்கே என் கைத்தொலைபேசியில் ஒரு படம் வந்தது. கவுன்சில் தலைவர் நகரமண்டப வாசலில் மண்வாரியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய காலடிப் படிகளில் பனியே இல்லை. பனியைக் கரைக்க உப்பு அள்ளிக் கொட்டியிருந்தார்கள்.

பின்னேரம் பிலோமினா அக்கா நடந்தே ஏறி வந்தார். வழியில் விழுந்திருக்க வேண்டும், ஒரு முழங்கால் ஈரமாக இருந்தது. கட்டட வாசலில் கூடி நின்ற நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டோம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நான்தான் கூடக் கத்தினேன், அதுவும் தமிழில்.

"உங்கட வீட்டு ஹீற்றர் வேலை செய்யுதோ?"

"ஓம் பிள்ளை. வேலை செய்யுது."

"பிறகென்னத்துக்கு இஞ்ச வந்தனீங்கள்? படம் எடுக்கவோ?"

சமாதானம் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கோபம் வந்திருக்கும். பூட்டியிருந்த மண்டபத்தைப் பார்த்தார். யாருக்கோ தொலைபேசி எடுத்தார். காப்புறுதி, அனுமதி, பாதுகாப்பு அறிக்கை என்று மறுமுனையில் ஓர் அதிகாரி அடுக்கிக்கொண்டே போனது எங்களுக்கும் கேட்டது. அழைப்பைத் துண்டித்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"தம்பி, உந்தப் பூட்டை உடைக்க ஏலுமோ?"

"உடைச்சா ஆர் பதில் சொல்லுறது அக்கா?"

"நான் சொல்லுறன். உடையுங்கோ."

சிவா பூட்டை உடைத்தார். அன்று மாலை கட்டடத்தின் வயோதிபர்களும் கைக்குழந்தைக்காரரும் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அக்கா ஹீற்றர்களைப் போட்டார், கதிரைகளை இழுத்தார், யாருக்கு என்ன மருந்து வேண்டும் என்று கேட்டுத் திரிந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார். நான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கோட்டைக் கழற்றவில்லை, கொடுத்த தேநீரைக் குடிக்கவுமில்லை. அவர் எதை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பனி கரைந்த பிறகு, பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். முன்வரிசையில் ஜாய்ஸின் மகன் டெஸ்மண்ட் இருந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென் லண்டனில் இருப்பவன். பனி நாளன்று ரயில் ஓடாததால் தாயிடம் வந்து சேர முடியாதவன். கவுன்சில் தலைவர் பேசினார். யாரும் எதிர்பாராத புயல் என்றார். சில குறைபாடுகள் ஏற்பட்டுவிட்டன, பாடங்கள் கற்றுக்கொள்ளப்படும் என்றார். அடுத்துப் பேசிய அதிகாரியும் அதையே இன்னும் நீளமாகச் சொன்னார். மேடையின் ஓரத்தில் இருந்த பிலோமினா அக்கா எழுந்தார். பக்கத்திலிருந்தவர் அவருடைய கையைப் பிடித்து இருத்தப் பார்த்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம்.

அவருடைய ஆங்கிலம் மன்னார் ஆங்கிலம். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "புயல் வந்தது உண்மை. ஆனால் உங்கள் ஏற்றத்துக்கு உப்பு லொறி வராது என்பதைப் புயல் தீர்மானிக்கவில்லை. இலையுதிர் காலத்தில், சூடான ஓர் அறையில் இருந்து நாங்கள் தீர்மானித்தோம். பொயிலர் திருத்தும் அவசரக் குழுவைக் குறைத்ததும் அதே அறையில்தான். அங்கே நானும் கை தூக்கினேன்."

டெஸ்மண்ட் எழுந்தான்.

"இங்கே வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"லொறி வராவிட்டால் அம்புலன்ஸ் ஏறாது என்று தெரியுமா?"

"தெரியும். நான் பஸ் டிப்போவில் வேலை செய்தவள். உறைபனி நாட்களில் அந்த ஏற்றத்துக்குப் போகாதே என்று சாரதிகளுக்குச் சொன்னதே நான்தான்."

டெஸ்மண்ட் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஏன் கை தூக்கினார் என்று பின்னொரு நாள் நானே கேட்டேன். அந்த வருடச் செலவுக் குறைப்பில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பகல் நிலையத்தையும் மூடுவதாக இருந்தார்களாம். அதை மூட வேண்டாம் என்று சண்டை பிடித்திருக்கிறார். அப்படியென்றால் மற்றவற்றுக்கு எதிர்ப்புச் சொல்லக் கூடாது என்றிருக்கிறார்கள். "லண்டனில எங்க பெரிசா ஸ்னோ கொட்டுது எண்டு என்னை நானே ஏமாத்தினன்" என்றார். பகல் நிலையம் இன்றும் நடக்கிறது. அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "தாயைப் பறிகுடுத்தவனுக்கு முன்னால நான் செய்த நல்லதைச் சொல்லச் சொல்லுறியளோ?"

அவர் பதவி விலகினார். விலகியது அவர் ஒருவர்தான். தலைவர் தொடர்ந்தார், அடுத்த தேர்தலிலும் வென்றார். பின்னர் இன்னும் பெரிய இடத்துக்குப் போனார். மரண விசாரணை நடந்தபோது, சட்டத்தரணிகள் சொல்லிக் கொடுத்ததைத் தாண்டிப் பேச வேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லப்பட்டது. அவர் கூட்டத்தில் சொன்னதை அங்கேயும் சொன்னார். விசாரணை அதிகாரி கவுன்சிலைக் கண்டித்தார். அதன் பிறகு எங்கள் ஏற்றத்துக்கு உப்பு லொறி வரத் தொடங்கியது. பொயிலரைப் புதிதாக மாற்ற இன்னுமொரு குளிர்காலம் போக வேண்டியிருந்தது.

எங்கள் ஆட்கள் அவருக்குச் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். "கவுன்சிலில எங்கட ஆள் எண்டு இருந்த ஒருத்தியும் போச்சு" என்று தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் என் காதுபடச் சொன்னார். கவுன்சில் மண்டபத்தைப் பொங்கல் விழாவுக்கு எடுத்துத் தருவது முன்பெல்லாம் அக்காதான். அந்த வருடம் விழாவுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. மாதா கோயிலில், பூசை முடிந்த பிறகு நடக்கும் கதை பேச்சில் அவர் தனியே நிற்பதை நான் கண்டிருக்கிறேன். கவலைப்படாதவர் போல் காட்டிக்கொள்ளவும் அவருக்குத் தெரியாது. முகம் கறுத்துப்போய், கைப்பையை மார்போடு பிடித்தபடி நிற்பார். கணவரும் முன்பே இறந்துவிட்டார். அனிற்றா வேறு ஊரில் வேலை. பல ஞாயிறுகளில் நான் அவருடைய வீட்டுக்குச் சமைத்துக் கொண்டு போனேன். மீன் குழம்பில் புளி காணாது என்று குறை சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார்.

ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு டெஸ்மண்டின் வீட்டுக்குப் போனார். மணியை அடித்தோம். யன்னல் திரை விலகியது, மூடியது. கதவு திறக்கவில்லை. இன்னொரு நாள் வந்து பார்ப்போம் என்று திரும்பும் வழியில் சொன்னேன்.

"இல்லை. இனி நான் வரமாட்டன். கதவைத் திறக்காதது அவன்ர உரிமை. மன்னிப்புக் கேக்கிறன் எண்டு சொல்லி அவனுக்கு நான் இன்னொரு கரைச்சல் குடுக்கக் கூடாது."

அதன் பிறகு அவர் போகவில்லை. டெஸ்மண்டும் வரவில்லை, இறுதிச் சடங்குக்கும் வரவில்லை. இந்தக் கதையில் யாரும் யாரையும் கட்டிப் பிடிக்கவில்லை.

பராமரிப்பு இல்லத்தில் கடைசியாகப் பார்த்தபோது குரல் நன்றாக அடங்கியிருந்தது. நான் எழுதுகிறவள் என்பதால் தன்னைப் பற்றியும் எழுதுவேன் என்று அவருக்குத் தெரியும்.

"பிள்ளை, நான் செத்தாப் பிறகு என்னை நேர்மையானவ எண்டு எழுதிப்போடாதேங்கோ."

"வேற என்னெண்டு எழுதுறது அக்கா?"

"கை தூக்கினவ எண்டு எழுதுங்கோ. நேர்மையெல்லாம் பிறகு வந்தது. ஜாய்ஸுக்கு அது உதவேல்லை."

இறுதிச் சடங்குக்குக் கவுன்சிலிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. பனிப்புயல் நாட்களில் அயராது மக்களுக்குச் சேவையாற்றியவர் என்று அதில் எழுதியிருந்தது. அனிற்றா அதை வாசித்துவிட்டு, அட்டையை மட்டும் கழற்றித் தன் பையில் வைத்தாள். பூக்களை விட்டுவிட்டாள். "பூ என்ன செய்தது அன்ரி" என்றாள்.

இப்போது எங்கள் கட்டடக் குடியிருப்பாளர் குழுவில் நானும் ஒருத்தி. கவுன்சில்காரரோடு வருடம் முழுக்கக் கூட்டம். போன கூட்டத்தில், வேலைநாள் அல்லாத நாட்களில் லிப்ட் திருத்த ஆள் வைப்பது வீண் செலவு என்று ஒரு முன்மொழிவு வந்தது. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளின் விளையாட்டிடத்துக்கு வேலி போட்டுத் தருவார்களாம். எனக்கும் அந்த வேலி வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள், என்னுடைய தலையும் ஆடத்தான் போனது. அப்போது மேல்மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. "எனக்கு இது தெரியும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். என்ன தெரியும் என்று அதிகாரி கேட்டார். "இதை நிறுத்தினால் யார் மேலே மாட்டிக்கொள்வார் என்று தெரியும். தெரிந்துகொண்டு என்னால் சம்மதிக்க முடியாது" என்றேன். முன்மொழிவு நிறைவேறியது. நான் ஒருத்திதான் எதிர்த்தேன்.

அக்காவிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது துணிவு அல்ல, அது அவரிடமும் பிந்தித்தான் வந்தது. தெரிந்த ஒன்றைத் தெரியாதது போல் வைத்துக்கொண்டு ஓர் அறையில் இருக்க இனி என்னால் ஏலாது. அந்த ஏலாமையைத்தான் அவர் எனக்கு விட்டுப்போயிருக்கிறார்.