காவடி வரும் வழியெல்லாம் ஒரு பெயர்

இணைய முகவரிப் பெயர்களை வாங்கி வைத்து விற்பவர்கள், விலை அதிகமானாலும் நல்ல பெயராக ஒன்றை வாங்க வேண்டுமா, மலிவாகப் பத்து வாங்க வேண்டுமா என்று அலுவலகத்துப் பையன் ஒருவன் போன வாரம் கேட்டான். கட்டுரை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புகிற வயது அவனுக்கு. என்னிடமும் ஒரு பெயர் இருக்கிறது, என் சொந்தப் பெயர். வருடாவருடம் கட்டணம் கட்டிக் காப்பாற்றுகிறேன். இதுவரை ஒருவரும் விலை கேட்டதில்லை. வீட்டில் வைத்த பெயர் அது, நானே கடைக்குப் போய்ப் பொறுக்கியிருந்தால் அதை வாங்கியிருக்க மாட்டேன். ஆக, பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. என் மாமாவுக்கு இருந்தது.

திருத்தணியில் மலைப்படி தொடங்கும் இடத்தில் ஆடிக் கிருத்திகைக் கடைகளுக்கு இடம் ஏலம் விடுவார்கள். நைனா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், எப்போதும் முதல் படிக்குப் பக்கத்து இடத்தையே எடுப்பார். அந்த விலைக்காகவே அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி ஆனியில் அடகுக்கடைக்குப் போய், தேங்காயும் கற்பூரமும் விற்ற காசில் ஆவணியில் கழுத்துக்குத் திரும்பும். அதே விலைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆறு கடை எடுக்கலாமே என்று அம்மாவின் தம்பியான மாமா ஒருமுறை யோசனை சொன்னார்.

“செருப்பு கழட்டுற எடத்துலதான்டா தேங்கா நெனப்பு வரும். ஆறு கடை போட்டுகினு ஆறுலயும் ஈ ஓட்டறதா?” என்றார் நைனா.

மாமா பி.காம். முடித்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. புது நூற்றாண்டு பிறந்த சமயம். அரக்கோணத்தில் பாய் ஒருவர் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு தினமும் ரயிலேறிப் போவார். ஒரு நாள் செய்தியோடு வந்தார். இணையத்தில் ஒரு பெயரை முதலில் பதிகிறவனுக்கே அது சொந்தம். பிறகு வேண்டியவன் அவனிடம் வந்து, கேட்கிற விலை கொடுத்து வாங்க வேண்டியதுதான். ‘காவடி’ என்ற ஒற்றைச் சொல் சென்னையில் ஒருவரிடம் இருக்கிறதாம். விற்கத் தயாராம். விலையோ நைனாவின் முதல் படி விலை.

அம்மா ஒரு வாரம் முனகிவிட்டு, தை மாதத்தில் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். ஏலத்துக்கு முன்னால் மீட்டுத் தந்துவிட வேண்டும் என்பது பேச்சு.

“ஒண்ணே ஒண்ணு வாங்கு. நல்லதா வாங்கு. கண்டதையும் வாங்கிகினு வந்தீன்னா இந்த ஊட்ல சோறு கெடையாது.”

“ஆங், ஆங்” என்றார் மாமா.

அவர் சென்னை போய்ச் சேரவில்லை. ஒரே ஒரு சொல்லுக்கு இவ்வளவு பணமா என்று ரயிலிலேயே மனம் ஆறாமல் போய், அரக்கோணத்தில் இறங்கி, பாயின் துபாய் அண்ணன் கார்டில் முப்பத்தைந்து பெயர்களைப் பதிந்துகொண்டு திரும்பிவிட்டார்.

“நீயே சொல்லு பாவா, காவடி எந்தெந்த வழியா வருது? நகரி வழியா வருது, பொதட்டூர்பேட்ட வழியா வருது, கனகம்மாசத்திரம் வழியா வருது. வர்ற வழி பூரா நம்ம பேரு நின்னுகினு இருக்குது. எதுலயும் மாட்டாம மேல போயிடுவாங்களா?” என்று தன் அக்கா புருஷனான நைனாவைக் கேட்டார்.

நகரிக் காவடி, பொதட்டூர்பேட்டைக் காவடி என்று ஊருக்கொரு பெயர். எங்கள் அத்தை ஊருக்குக்கூட ஒன்று இருந்தது. சிறுவனான எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. மலையைச் சுற்றி எந்த ரோட்டில் நின்றாலும் நம் கடை. “கை கழுவிகினு வா, சாப்டு” என்றார் நைனா. அம்மா சோறு போட்டாள். அவள் மிரட்டல்களில் நிறைவேறாமல் போனது இது ஒன்று மட்டுமல்ல.

யாராவது விலை கேட்டிருக்கிறார்களா என்று பார்க்க மாமா தினமும் அரக்கோணம் போனார். “உன் பேருங்களப் பாக்க வர்றவன் நீ ஒர்த்தன்தாம்பா. பேசாம உனக்கே வித்துடு” என்றாராம் பாய். ஆனி பிறந்த பிறகு ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடியே மாமா சொன்னார்:

“அக்கா, நெட்டுல யாரும் நடந்து வர்றதில்ல. வேணும்ன்ற எடத்துல நேரா போயி எறங்கிடறாங்க. வழின்னே ஒண்ணு கெடையாது.”

“ரசம் ஊத்தட்டா?” என்றாள் அம்மா.

‘காவடி’ என்ற பெயரைப் பிற்பாடு யாரோ வாங்கிப் போனதாகப் பாய் சொன்னார். என்ன விலைக்கு என்று மாமா கேட்கவில்லை. மறு தையில் முப்பத்தைந்துக்கும் மறுபடி கட்டணம் கேட்டார்கள். மலிவான பெயரும் வருடாவருடம் வாயைத் திறக்கும் என்று அதுவரை வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அத்தை ஊரை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று நான் அழுதேன். அதுவும் போயிற்று.

அலுவலகத்துப் பையனிடம் இதைத்தான் சொன்னேன். ஒன்று வாங்கு, வலிக்கிற விலையில் வாங்கு, விற்காவிட்டாலும் கவலை ஒன்றோடு நிற்கும். அவன் ஏற்கெனவே பன்னிரண்டு வாங்கியிருந்தான்.

அவனிடம் சொல்லாதது, நடுவில் வந்த ஆடி. ஏலத்துக்கு முன் அடகு வைக்க அந்த வருடம் சங்கிலி இல்லை. முதல் படியை வேறொருவர் எடுத்துக்கொண்டார். நைனா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டார். மஞ்சள் வேட்டிக் கூட்டம் தெருமுனை வரை வந்து அரோகரா சொல்லிக்கொண்டே மலைப்பக்கம் திரும்பிவிடும். மற்ற வருடங்களில் கிருத்திகையன்று நைனா என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். குறுக்கே போனால் அதட்டல்தான். அன்றைக்கு அவர் பலகையில் விபூதியால் கோடு கிழித்து எனக்கு ஆடுபுலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். மூன்று எலுமிச்சம்பழம் புலி, கற்பூர வில்லைகள் ஆடு. எது வேண்டும் என்று கேட்டார். ஆடு என்றேன். அதுதானே நிறைய இருந்தது.

“அப்படியே உன் மாமன்டா நீ” என்றார்.

சாயங்காலம் வரை விளையாடினோம். நடுவில் ஒருமுறைகூட அவர் எழுந்திருக்க வேண்டி வரவில்லை. அவ்வளவு சந்தோஷமான ஆடிக் கிருத்திகை எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அடுத்த வருடமும் அங்கேயே கடை போடலாம் என்று.