ஒரே ஒரு முறை கூப்பிட்ட வீடு

போன ஐப்பசியில் இரண்டாவது முறையாக ஜவ்வாது மலைக்குப் போனேன். அருவி பார்க்கவோ தேன் வாங்கவோ அல்ல. போளூரில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடியும்போது நோயாளிகளின் பெயர்களை வாசிப்பார்கள். ஆமென் சொல்லிவிட்டு எல்லோரும் செருப்பைத் தேடுவோம். அதில் ஒரு பெயர் வெள்ளையன் (பெயரை மாற்றியிருக்கிறேன்). எங்கள் சபைக்காரர் அல்ல. கீழே செங்கல் சூளையில் வேலை பார்த்தபோது சர்க்கரையால் காலில் புண் வந்து மலைக்கே திரும்பிவிட்டவர். மாதம் ஒருமுறை அவருக்குக் கட்டுத்துணியும் மருந்தும் கொண்டுபோக ஆள் கேட்டார்கள். நான் கை தூக்கினேன். பேசத் தேவையில்லாத வேலை என்று நினைத்ததுதான் காரணம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனாலும் கடையில் மீதிச் சில்லறை கேட்க எனக்கு வாய் வராது.

போளூரில் காலை 6.40 பேருந்து. ஜமுனாமரத்தூர் 42 கிலோமீட்டர், 40 ரூபாய், 8.25க்கு இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் 11 கிலோமீட்டருக்கு 50 ரூபாய். ஆள் சேர்ந்து அது கிளம்ப ஒன்பதரை தாண்டிவிட்டது.

"தனியாவா போறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"ஆமாங்க."

பிறகு வழி முழுக்கச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். "வாய்க்கும் சேத்தா டிக்கெட் கேக்கப்போறேன்? பேசினே வாங்க" என்று சிரித்தார். மண்பாதை பிரியும் இடத்தில் இறக்கிவிட்டு, பதினோரு மணி வரை அங்கேயே சவாரிக்கு நிற்பதாகச் சொன்னார்.

அங்கிருந்து 800 மீட்டர் நடை. சாமை வயலைப் பனிமூட்டம் மூடியிருந்தது. பக்கத்தில் எங்கோ மாட்டுமணி கேட்டது, மாடு தெரியவில்லை. வெள்ளையன் வீட்டுக் கூரை வழியாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. "அம்மா" என்றேன். பதில் இல்லை.

போன மாதமும் இப்படித்தான். ஒருமுறை கூப்பிட்டேன், யாரும் வரவில்லை, வாசல் பலாமரத்தில் பையைக் கட்டிவிட்டு இறங்கிவிட்டேன். "குடுத்துட்டியாம்மா?" என்று ஆயர் கேட்டதற்கு, "குடுத்துட்டேங்க" என்றேன்.

பை அதே கிளையில் தொங்கியது. நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. மழையில் மஞ்சள் துணி கறுத்திருந்தது. பக்கத்தில் ஒற்றைப் பழஞ்செருப்பைக் கட்டியிருந்தார்கள். கீழே தரையில் வட்டமாகச் சாம்பல். இரவு முழுக்க மழை பெய்திருந்தது, சாம்பல் மட்டும் நனையவில்லை. யாரோ அன்று காலையில்தான் போட்டிருக்க வேண்டும்.

கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்து மறைந்தது. உள்ளே அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. புகை நின்றது. நான் நிற்பது தெரிந்தே, வீட்டில் ஆளில்லை என்று காட்டுகிறார்கள்.

திரும்பிவிடத்தான் கால் எடுத்தேன். உள்ளே ஓர் ஆண் முனகினார். யாரோ வாயைப் பொத்தியதுபோல அதுவும் பாதியில் நின்றது. அந்த முனகலை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

"அம்மா" என்றேன் மறுபடியும். பிறகு இன்னொரு முறை.

"இன்னொரு தபா கூப்புடு" என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல்.

"அம்மா."

"பேரு இன்னா? எந்த ஊரு?"

"எஸ்தருங்க. போளூருங்க. கால் புண்ணுக்கு மருந்து எடுத்துட்டு வந்திருக்கேன்."

கதவைத் திறந்தது வெள்ளையனின் மனைவி. கையில் அரிவாள். முதலில் அவர் பார்த்தது என் கால்களை. அவை தரையில் பதிந்திருப்பது தெரிந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"போன மாசம் மரத்துல கட்டிட்டுப் போனது நீதானா?"

"ஆமாங்க. வீட்ல யாரும் இல்லன்னு நெனச்சேன்."

"மனுசன்னா மறுதபா கூப்புடுவான். ஒரு தபா கூப்ட்டுட்டு சத்தமில்லாம போறது காத்து கருப்புதான்னு எங்களுக்குத் தெரியும். அது வெச்சத எவ தொடுவா? தெனமும் சாம்பல் போட்டே என் கை தேஞ்சிபோச்சி."

வெள்ளையன் சுவரோரம் படுத்திருந்தார். பாதத்தில் பழைய புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதை விலக்கியபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. வாடை அடித்தது. அவருக்கான துணியும் மருந்தும் ஒரு மாதமாகப் பத்தடி தள்ளித்தான் தொங்கியிருக்கின்றன.

அலைபேசியில் சிக்னல் இல்லை. மணி 10.50. "அண்ணா, போய்டாதீங்க" என்று கத்திக்கொண்டே மூட்டத்துக்குள் ஓடினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியிருந்தார்.

"இந்த வாய காலையில எங்க வெச்சிருந்தீங்க?" என்றார். விஷயம் தெரிந்ததும் மண்பாதையிலேயே ஆட்டோவை வீட்டுவாசல் வரை ஏற்றினார்.

ஜமுனாமரத்தூர் சுகாதார நிலையம், அங்கிருந்து ஆம்புலன்ஸ். கால் தப்பியது. விரல்கள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆயரிடம் போய், போன மாதம் நான் எதையும் கொடுக்கவில்லை என்று சொன்னேன்.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் பத்து மணிக்கும் மூட்டம் விலகாது. கம்பளிச் சட்டை வேண்டும். ஜமுனாமரத்தூர் தாண்டினால் சிக்னலை நம்ப வேண்டாம். ஆட்டோக்காரரிடம் திரும்பும் நேரத்தைப் பேசி வையுங்கள். யாருக்காவது ஏதாவது கொண்டுபோனால், வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். பேரையும் ஊரையும் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரவில்லை என்றால் திரும்பவும் கூப்பிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். என் கூச்சத்துக்கு இன்னொருவர் இரண்டு விரல்களைக் கொடுத்திருக்கிறார்.