நீரோட்ட இயந்திரத்தில் ஓர் அரிவாள்

நான் மலேசியாவில் ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வெல்டிங் பட்டறைக்கு வந்தேன். படித்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை எழுதிவைக்க ஆசை.

கடல் நீரோட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இயந்திரம் ஒன்றுக்கு எங்கள் பட்டறையில் இரும்புச் சட்டம் செய்தோம். அதைப் பொருத்த என்னையும் ஒரு சிறு தீவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே டீசல் ஜெனரேட்டர் மாலையில் மட்டும் ஓடும். மீனுக்கு ஐஸ்கட்டி கரையிலிருந்து படகில் வரவேண்டும். தீவைச் சுற்றித் தண்ணீரோ ஆளை இழுக்கும் வேகத்தில் ஓடுகிறது.

முதல் நாள் இயந்திரம் நன்றாகச் சுற்றியது. மறுநாள் நின்றது. தூக்கிப் பார்த்தால் அச்சு முழுக்க அறுந்த வலைநூல். அறுத்தெறிந்து இறக்கினோம். மதியம் மறுபடி நின்றது. இன்னொரு முறை நின்றால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவதாகப் பொறியாளர் சொன்னார். அவர் சிரம்பானில் வளர்ந்த தமிழ்ப் பெண். அதைக் கேட்ட தீவின் தலைவர், வயதான மலாய் மீனவர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

நான் அச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னண்ணே, ஏதாச்சும் தோணுதா?" என்று பொறியாளர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மிஸ்."

"ஒண்ணுமில்லாததயா இவ்ளோ நேரமா முறைக்கிறீங்க?"

"எஸ்டேட் டிராக்டர்ல உரச்சாக்கு நூலு இப்படித்தான் அச்சுல சுத்திக்கும். பக்கத்துல ஒரு கத்திய வெல்டிங் பண்ணி வெச்சிருவோம். நூலு சுத்த வந்தா அதுவே அறுத்துரும்."

"கடலுக்குள்ள கத்தியா? எங்க புரொபசர் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும் லா மிஸ். மெஷின் சுத்தணும்ல."

அவர் சிரித்துவிட்டு, "செய்ங்க" என்றார்.

எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டும் அரிவாளின் உடைந்த துண்டு ஒன்று என் கருவிப்பெட்டியில் கிடந்தது. அதைத் தீட்டி, அச்சைத் தொடாமல் மயிரிழை இடைவெளி விட்டுச் சட்டத்தோடு பற்றவைத்தேன்.

அன்று மாலை இறக்கிய இயந்திரம் மூன்று நாள் நிற்காமல் சுற்றியது. தூக்கிப் பார்த்தபோது கத்தியின் ஓரத்தில் துண்டு துண்டாக நூல் ஒட்டியிருந்தது, அச்சு சுத்தம். தலைவர் விரலால் கத்தியின் கூர்மையைத் தொட்டுப் பார்த்து, மலாயில் "நல்ல பல்" என்றார். இயந்திரம் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது.

இரண்டாவது இயந்திரத்துக்குச் சட்டம் செய்யச் சொல்லிப் போன மாதம் வரைபடம் வந்தது. அச்சுக்குப் பக்கத்தில், நான் வைத்த அதே சாய்வில், அந்தக் கத்தியை வரைந்திருந்தார்கள். பட்டறையில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.