மோரில் போட்ட ஐஸ்

நான் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன். அதற்கு முனைவர் பட்டமும் வாங்கிவிட்டேன்!

கேளுங்கள். வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் அமீபாவைச் சோதனைக் குழாய்களில் வளர்த்தவள் நான். அது புரதம் தயாரிக்க உதவும் ஒரு காரணியை அடக்கிவிட்டால் வளர்ச்சி குன்றுமா? இதுதான் என் ஆராய்ச்சி. அடக்காத அமீபா ஒரு வரிசை, அடக்கியது ஒரு வரிசை.

அமீபா கண்ணாடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கிடக்கும். குழாயை ஐஸில் வைத்தால்தான் பிடியை விடும், அப்புறம்தான் எண்ண முடியும். முதல் வரிசையை ஒழுங்காக ஐஸில் வைத்து எண்ணினேன். இரண்டாவது வரிசைக்கு ஐஸ் இல்லை... மிச்சத்தை மோரில் போட்டுக் குடித்திருந்தேன்!

முகம் சுளிக்கிறீர்களா? அமீபா ஆய்வகத்து ஐஸ்தான். தர்மபுரி வெயிலில், அதியமான்கோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து பாருங்கள்... கடவுள் ஒரு வயிற்றுப்போக்கையாவது கொடுத்திருக்கலாம். ஒன்றுமே ஆகவில்லை!

கரண்டும் போய்விட்டது, புது ஐஸ் உறைய வழியில்லை. இரண்டாவது வரிசையைக் கையால் குலுக்கி எண்ணினேன். மிகக் குறைவு! பேராசிரியர் துள்ளிக் குதித்து, துறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். குழாய்களைக் கழுவும்முன் நுண்ணோக்கியில் பார்த்தேன். அத்தனை அமீபாவும் சுவரிலேயே ஒட்டியிருந்தன. வாயிலோ மைசூர்பாகு... எப்படிச் சொல்வேன்?

இப்போது ஜெசிந்தா வந்திருக்கிறாள். பொம்மிடியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். என் ஆராய்ச்சியைத் தொடர்கிறாள். இரண்டு வரிசையையும் ஐஸில் வைக்கிறாள். இரண்டும் ஒரே அளவில் வளர்ந்திருக்கின்றன! "உனக்குக் கைப்பக்குவம் பத்தலம்மா" என்கிறார் பேராசிரியர். இன்னொரு முறை தவறினால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வாராம்.

"நீங்க மட்டும் எப்படீங்க்கா பண்ணுனீங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"பொறுமை வேணும்" என்றேன். பாவி!

இன்று நானே செய்து காட்டப் போனேன். வாளி நிறைய ஐஸ். ஜெசிந்தாவோ கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"என் ராசி சரியில்லீங்க்கா. நான் பக்கத்துல நின்னா கெட்டுப்போயிருங்க. எண்ணி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க."

எண்ணிக்கை குறைந்தால், பழுது அவள் கையில்தான் என்று உறுதியாகிவிடும். தெரியும், நன்றாகவே தெரியும்... இரண்டாவது வரிசையை ஐஸில் வைக்காமல் குலுக்கினேன்.

கதவைத் திறந்தேன். "ரொம்பக் கொறச்சல்" என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"மோருங்க்கா. வெயிலுக்கு நல்லாருக்குமுன்னு வூட்ல இருந்து கொண்டாந்தேன்."

குடித்தேன்... வாளியில் இரண்டாவது வரிசைக்கான ஐஸ் அப்படியே கிடந்தது.