ஜெபராஜின் தாளும் என் இடைவெளியும்

வயிறு எரிகிறது. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பாட்டுத் தாள் அச்சடிப்பவர்களின் மெயில் குரூப்புக்கு இதை எழுதுகிறேன்.

எங்கள் சர்ச் கொயருக்குப் பாட்டுத் தாள் அச்சடிக்க நானே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். சுரமும் அதன் கீழ் வரும் பாட்டுச் சொல்லும் தாளில் எங்கே விழுகின்றன என்று தெரிய, பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, புரோகிராமில் அந்த அளவை மாற்றி, மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டும்.

இன்று பிராக்டிஸுக்கு, எங்களோடு பாடும் ஜெபராஜ் தன் புது சாஃப்ட்வேரில் அடித்த தாளோடு வந்தான். ஒரு சொல்கூட இன்னொன்றை இடிக்கவில்லை.

"எப்படிடா அளந்த?"

"அளக்கறதா? நோட்டு மேல ஒரு கிளிக் மச்சான். எங்க இருக்கு, எவ்ளோ அகலம்னு அதுவே சொல்லிடும்."

"அச்சு புக்கு மாதிரியே இருக்குப்பா!" என்றார் கீழ்க்குரலில் ஆல்டோ பாடும் அக்கா. என் தாளை அவர் அப்படிச் சொன்னதே இல்லை. தப்பு கண்டுபிடிக்கத் துருவிப் பார்த்தேன். சிக்கவில்லை.

பாட ஆரம்பித்தோம்.

அதே பாட்டின் என் பழைய தாளில் 'இரட்சகரே' அடுத்த சொல்லை இடித்ததால், அதன் பிறகு பெரிய இடைவெளி விட்டிருந்தேன். கொயர் அதை மூச்சு வாங்கும் இடம் என்று எடுத்துக்கொண்டது. புதுத் தாளில் அந்த இடைவெளியே கிடையாது. ஆனாலும் 'இரட்சகரே' வந்ததும் எல்லாரும் நின்று மூச்சு வாங்கினார்கள்.

"அங்க ரெஸ்ட்டே இல்லியே, ஏன் நிக்கிறீங்க?" என்று கொயர் மாஸ்டர் கத்தினார்.

"பழகிடுச்சு சார்" என்றது ஒரு குரல். ஜெபராஜ்தான்.

அந்த இடைவெளி எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று இப்போது கிளிக் பண்ணிச் சொல்லட்டும், பார்க்கலாம்.