அவர்கள் அடுப்பில் எங்கள் பால்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்போது காரிமங்கலத்தில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குச் சேலத்தில் வேலை. தினமும் பஸ் மாறி மாறிப் போய் வந்து மனிதர் பாதியாகிவிட்டார். இந்த வீடு கிடைத்தால் ரயிலேறிப் போய்விடலாம்!

ஆனால் அதில் ஒரு சிக்கல். வீட்டுக்காரரின் தொழில் நொடித்து, வீட்டின் மேல் இருந்த வங்கிக் கடன் அதன் விலையையே தாண்டிவிட்டது. நாங்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிட வங்கி சம்மதித்தால்தான் விற்க முடியும். இல்லாவிட்டால் ஏலம்தான். எப்படியானாலும் விற்பவர் கைக்கு ஒரு பைசா வராது. “ரெண்டு வாரத்துல முடிஞ்சிடுங்க” என்றார் வங்கி மேலாளர். நான் அன்றைக்கே தருமபுரி போய் ஜன்னல் திரைக்குத் துணி எடுத்துவிட்டேன்.

வெயில் காலம் போனது, மழையும் வந்தது. அந்த மேலாளர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். வீட்டை மறுபடி மதிப்புப் போட ஆள் வந்தார். எப்போது கேட்டாலும் “மேலிடத்துல இருக்கு” என்ற ஒரே பதில். ஒருநாள் வங்கியிலிருந்து போன் என்றதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டாள் ஒரு பெண்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

கார்த்திகை முடியப்போகும் நேரத்தில் ஒருவழியாகச் சம்மதம் வந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்து ஓடி வந்தார்கள். கடிதத்தைக் கடைசிவரை படித்த பிறகுதான் கெடு கண்ணில் பட்டது. மார்கழி முடிவதற்குள் பணம் கட்டிப் பத்திரம் முடிக்க வேண்டும், தவறினால் ஏலம்.

பாதிப் பணம் மாமனாருடையது. அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “நல்ல காரியத்தப் போயி மார்கழியிலயா தொடங்குவாங்க? தை வரைக்கும் பொறுக்கலைன்னா அந்த வூடே வேணாம், வுடுங்க.” கெஞ்சினோம், சண்டை போட்டோம். மனிதர் அசையவே இல்லை.

வாங்க முடியாமல் போனதை வீட்டுக்காரர்களிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனோம். விஷயத்தை என் கணவர்தான் சொன்னார். வீட்டுக்காரரின் மனைவி, அந்த அக்கா, முழுவதையும் கேட்டுவிட்டு மாமனார் பக்கம் திரும்பினார்.

“தொடங்கறதுதானுங்க மார்கழியில கூடாது? கார்த்திகை இன்னும் மிச்சம் இருக்குதுங்களே. நாளு நல்லா இருக்குது, நாளைக்கே வந்து எங்க அடுப்புல பால் காச்சிடுங்க. பத்திரம் அப்புறம் என்னிக்குப் போட்டா என்னங்க?”

அவர்கள் இன்னும் குடியிருக்கும் வீடு அது. “உங்களுக்குக் கஷ்டமா இல்லைங்களாக்கா?” என்றேன்.

“இருக்குதுதான். ஏலத்துல யாரோ எடுத்துட்டுப் போறதுக்கு, ஆசைப்பட்டு வர்ற நீங்க வாங்கினா மனசு ஆறுமுங்க.”

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப சரிம்மா” என்றார். அவ்வளவுதான்!

மறுநாள் பனி விலகுவதற்குள் குடும்பமே ஆட்டோவில் அடைந்துகொண்டு போய் இறங்கினோம். அந்த அக்கா வீட்டைக் கழுவி, வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தார். தங்கள் சாமான்களையெல்லாம் ஓர் அறைக்குள் ஒதுக்கிவிட்டு, அடுப்பைத் தேய்த்து மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். கணவரோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, “வூட்டுக்காரங்க மொதல்ல போங்க” என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். பால் பொங்கியபோது எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியவர் என் மாமனார். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம், அழவும் செய்தோம்.

பதிவு அலுவலகத்தில் சர்வர் வேலை செய்யாமல் அங்கேயும் அலைந்தோம். ஆனாலும் கெடுவுக்குள் பத்திரம் முடிந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது வீடு எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டால், பத்திரத்தில் உள்ள தேதியைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. தன் வீட்டுக்கு வெளியே நின்று ஒருத்தி எங்களை முதலில் உள்ளே போகச் சொன்ன அந்தக் கார்த்திகைக் காலையைத்தான் சொல்கிறேன்.